கேற்றுத் தூணில் குடியிருந்த மாமா

இந்த உலகத்தில் என்னை ஆக அதிகம் பார்த்தவர் யார் என்று கேட்டால், பெற்ற தாயைச் சொல்லமாட்டேன், கட்டிய மனைவியையும் சொல்லமாட்டேன். இன்றுவரை நான் நேரில் கண்டிராத ஒரு மனிதரைத்தான் சொல்வேன். எனக்கு எத்தனை சேட் இருக்கிறது, எதில் பொத்தான் இல்லை, எந்தச் செருப்புக் கடிக்கிறது, தலைக்குப் பின்னால் எந்த இடத்தில் மயிர் குறைகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய மூக்கு நீளமா சப்பையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

எங்கள் ஒழுங்கைத் தெருவில் அவருக்குப் பெயர் கேற்றடியார். சொந்தப் பெயர் என்று ஒன்று காணி உறுதியில் இருக்கக்கூடும்; அதை யாரும் விசாரிக்கப் போகவில்லை. அவர் வசிப்பது கனடாவில். அவருடைய வீடு இருப்பது உரும்பிராயில், எங்கள் ஒழுங்கை முடக்கால் திரும்புவதற்குச் சற்று முன்னால். ஆளில்லாத வீடு. ஆனால் வளவுக்குள் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கு வீட்டில் ஆளிருக்கிறதா இல்லையா என்ற கவலை கிடையாது. மதிலுக்கு மேலால் கொப்புகளை நீட்டி, ஒழுங்கைக்கு நிழலும், ஒழுங்கையில் போகிறவனுக்கு ஆசையும் கொடுத்துக்கொண்டு நின்றது. மாம்பழம் ஒவ்வொரு வருடமும் காணாமற் போனது. அதற்காகத்தான் வாசல் கேற்றுத் தூணில் கமரா வந்தது.

வெறும் கமராவாக இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. விற்றவன் பேசுகிற கமராவை விற்றுவிட்டான். அங்கே அவர் போனை அமத்திக் கதைத்தால் இங்கே தூண் கதைக்கும். அன்றோடு எங்கள் ஒழுங்கையின் அமைதி போயிற்று.

முதலில் மாட்டுப்பட்டவர் எங்கள் ஊர்க் குடிமகன் ஒருவர். இருட்டுப்படும் மம்மல் பொழுதில் தள்ளாடி வந்து மாங்காய்க்குக் கையை நீட்டியிருக்கிறார். "எட, கையை எடடா!" என்றது தூண். மனுசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "வைரவா, இனிக் குடிக்கமாட்டன்!" என்று கத்தியது முடக்குவரை கேட்டது. அடுத்த நாள் குளித்து, திருநீறு பூசி வந்து தூணடியில் கற்பூரமும் கொளுத்தினார். "கற்பூரத்தைத் தள்ளி வை ராசா, புகையிலை எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று வைரவர் சொன்னதும் வெறியும் பக்தியும் ஒன்றாய்த் தெளிந்து, நேரே தவறணைக்குப் போய்விட்டார்.

போகப்போக ஒழுங்கை பழகிவிட்டது. எங்களுக்குப் பின்னேரம் என்றால் அவருக்கு விடியற்காலை. தேத்தண்ணியும் கையுமாக வந்து குந்திவிடுவார். "மாமா, மீன்காரன் போட்டானோ?" என்று கேட்டால், "இப்பதான் போறான், சூடை மீன், அவ்வளவு நல்லமில்லை" என்பார். ஐந்தாறு வீடு தள்ளியிருக்கும் கனகம் அக்கா அவரைக் கேட்காமல் சட்டி எடுத்து அடுப்பில் வைப்பதில்லை.

இத்தனை பேருக்கும் உதவியாக இருந்த அந்தக் கமராவால் வாழ்க்கை கெட்டுப்போன ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றது தர்சினி.

தர்சினியின் வீடு முடக்குக்கு அந்தப் பக்கம். சந்தியில் உள்ள பாமசியில் வேலை. பின்னேரம் சைக்கிளில் வருவாள். எனக்குக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை; அதே நேரம் நானும் மோட்டார் சைக்கிளில் வருவேன். ஒருநாள் அந்த மாமரத்தடியில் அவளுடைய சைக்கிள் சங்கிலி கழன்றது. நான் இறங்கிப் பூட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அது உண்மையாகவே கழன்றது, எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். பிறகு வந்த நாட்களுக்குச் சத்தியம் கேட்கக்கூடாது. ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, எதிர்ப்பக்கம் வாழைத்தோட்டம், வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு. எங்கள் ஊரில் இரண்டு பேர் நின்று நாலு வார்த்தை கதைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆகவே சங்கிலியும் வேறெங்கும் கழல்வதில்லை. என் கைரேகை பதியாத கோப்பு அந்தக் காலத்தில் எங்கள் கந்தோரில் இல்லை, எல்லாம் கறுப்பு எண்ணெய்.

கமரா பூட்டிய விசயம் அந்த முதல் நாட்களில் எங்களுக்குத் தெரியாது; குடிமகனின் வைரவர் கதையை வெறிப் பேச்சு என்று விட்டிருந்தோம். வழமை போல நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறேன், அவள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எடேய், நீலச் சேட்!"

தர்சினி சைக்கிளை விட்டுவிட்டாள். அது என் மேல் விழுந்தது.

"மாங்காய்க்கோ வந்தனீ?"

"இல்லை ஐயா, சங்கிலி கழண்டு போச்சு."

"நேற்றும் கழண்டது. முந்தநாளும் கழண்டது. பிள்ளை, உந்தச் சைக்கிளை ஆரிட்டை வாங்கினனீ?"

அங்கே அவர் காலமெல்லாம் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து, முழங்கால் நோவினால் வீட்டோடு நிற்கிறவர். கழன்ற பொருளொன்றைக் கண்டால் அவரால் தேத்தண்ணி குடிக்க முடியாது. ஒவ்வொரு பின்னேரமும் தூணிலிருந்து எனக்கு வகுப்பு நடந்தது. "பின் சில்லை இழுத்து இறுக்கு. அப்பிடியில்லை. உனக்கு ஆர் கந்தோரிலை வேலை தந்தது?" நான் இறுக்குவேன். அடுத்த நாள் அது கழலும்.

இடையிடையே அவருக்குச் சந்தேகங்களும் வரும். "தம்பி, ஒண்டு கேக்கட்டே? நீ கதைக்கேக்கை சில்லைப் பாத்துக் கதைக்கிறாய். அவள் வாழைக்குலையைப் பாத்துப் பதில் சொல்லுறாள். ரண்டு பேரும் கோவமோ?"

இல்லை என்றேன்.

"அப்ப சரி. எனக்கு உதுகள் விளங்கிறேல்லை. எங்களுக்குப் பொம்பிளையின்ரை படம் வந்தது, ஓம் எண்டனான், முடிஞ்சுது. உன்ரை மாமி எயார்போட்டிலை வந்து இறங்கி என்னைத் தாண்டிப் போட்டாள். படத்திலை எனக்குத் தலைமயிர் இருந்தது."

ஒருநாள் மனுசன் பொறுமை இழந்தார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கனடாவிலிருந்து சந்திச் சைக்கிள் கடைக்குப் போன் எடுத்திருக்கிறார். கடைக்காரர் பாமசி வாசலில் நின்ற சைக்கிளுக்குப் புதுச் சங்கிலி பூட்டி, எண்ணெயும் விட்டு, தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் தர்சினி மாமரத்தடிக்கு வந்தாள். மிதியைப் பின்னுக்குச் சுற்றினாள். சங்கிலி அசையவில்லை. குதியால் ஒரு தட்டுத் தட்டினாள். இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, விரலால் கொழுவி இழுத்தும் பார்த்தாள். அது என்ன இரும்பில் செய்ததோ தெரியாது. நான் எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"இப்ப எப்பிடிப் பிள்ளை? வழுக்கிக்கொண்டு ஓடுதோ?" தூணுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஓம் மாமா. பெரிய உபகாரம்" என்றாள் தர்சினி. வேறு வழியில்லாமல் ஏறி மிதித்துப் போனாள். அப்படியொரு வேகத்தில் அந்தச் சைக்கிள் அதற்கு முன் ஓடியதில்லை.

அப்போது தூணுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது. மாமி. "உங்கடை மண்டைக்குள்ளை என்ன கிடக்கு? அந்தப் பிள்ளை தானே கழட்டிப்போட்டு நிண்டவள்!"

"என்னத்துக்கடி சங்கிலியைக் கழட்டவேணும்?"

"ஐயோ, உங்களோடை இவ்வளவு காலமும் எப்பிடிக் குடும்பம் நடத்தினன்!"

 தூண் மிகவும் தாழ்ந்த குரலில், "தம்பி, மாமி சொல்லுறது உண்மையோ?" என்று கேட்டது. நான் துணியை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் தர்சினி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாமரத்தடியைத் தாண்டுகிறாள். தூண் கூப்பிட்டது. "பிள்ளை, பின் சில்லுக்குக் காத்துப் போட்டுது போலை கிடக்கு."

"இல்லையே மாமா, காலமைதானே அடிச்சனான்."

"போட்டுது எண்டிறன்! இறங்கிப் பார்."

இப்படியாகக் கேற்றடியார் எங்கள் கட்சியில் சேர்ந்தார். எதிரியாக இருந்தபோது இருந்த உபத்திரவம் அதற்குப் பிறகு நாலு மடங்காயிற்று. யாராவது வந்தால் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் படம் அங்கே போய், அவர் குரல் இங்கே வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "கனகம் அக்கா வாறா! தள்ளி நில்லுங்கோ!" என்று அவர் அலறும்போது கனகம் அக்கா எங்களுக்குப் பக்கத்தில் நின்று, "வந்திட்டன் அண்ணை" என்று பதில் சொல்வா.

எல்லாம் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் தர்சினிக்குக் கனடா மாப்பிள்ளை வந்தது. தகப்பன் இல்லாத ஒரே மகள். மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தால்தான் தன் கடமை முடியும் என்று அவளுடைய அம்மா பிடிவாதமாக நின்றா. என் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனால் கேற்றோடு திருப்பி அனுப்புவா என்பது எனக்குத் தெரியும், அதனால் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். சாதகம் பொருந்திவிட்டது. மிச்சம் இருந்தது விசாரிப்பு.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் சாதகத்தைவிடப் பெரிய கண்டம் இந்த விசாரிப்புத்தான். பெண் எப்படி, பெடியன் எப்படி, யாரோடாவது கதை வழி உண்டா என்று அயலில் ஒருவரிடம் காதும் காதும் வைத்தது போலக் கேட்பார்கள். அவர் ஒரு சொல்லை இழுத்துச் சொன்னால் போதும், கலியாணம் நின்றுவிடும். மாப்பிள்ளை பகுதி யாரை விசாரிக்கலாம் என்று தேடியபோது, தங்கள் நகரத்திலேயே ஒருவர் அந்த ஒழுங்கையை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

இதைச் சொன்னவரும் கேற்றடியார்தான். "நாளைக்கு எனக்குப் போன் எடுக்கினமாம்."

தர்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, என்னைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோவன்."

"உன்னைத் தெரியாட்டி எனக்கு வேறை ஆரைப் பிள்ளை தெரியும்?"

"அப்ப கதை வழி ஒண்டும் இல்லை எண்டாவது சொல்லுங்கோ. அவையளுக்கு நாங்களே வேறை ஏதும் சாட்டுச் சொல்லிச் சமாளிக்கிறம். உங்கடை வாயாலை வந்தா அம்மா என்னை வெளியிலை விடமாட்டா."

"காத்துப் போட்டுது எண்டு சொன்னது வேறை, இது வேறை. கலியாண விசாரிப்பிலை பொய் சொல்லக்கூடாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கென்ன, அங்கை இருந்து ஊராரின்ரை விடுப்புப் பாக்கிறது. வாழப்போறது நாங்கள்!" என்று கத்தி, கையில் இருந்த எண்ணெய்த் துணியைக் கமராவின் தலையில் போட்டு மூடினேன்.

"போடு, போடு. காது கேக்குதுதானே" என்றது துணி.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் தர்சினியின் அம்மா வந்தா. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வழியில் என்னையும் கண்டு, "நீயும் வாடா" என்று கூட்டிக்கொண்டு, நேரே கேற்றடிக்கு வந்து துணியைப் பிடுங்கி எறிந்தா. ஒழுங்கை திரண்டுவிட்டது.

"வாரும் வெளியிலை!"

"வெளியிலை எப்பிடித் தங்கச்சி வாறது? நான் ரொறன்ரோவிலை நிக்கிறன். வெளியிலை பனி."

"என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்ப நீர் ஆர்?"

"நான் குழப்பேல்லை. கேட்டினம், சொன்னனான். பிள்ளை தங்கம், ஆனா அந்தக் காணி வித்துப்போச்சு, வேலியும் அடைச்சாச்சு எண்டு சொன்னனான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அவளைக் கனடாவுக்கு அனுப்பவேணும் எண்டு நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை!"

தூண் குரலைத் தணித்தது. "தங்கச்சி, நான் கனடாவுக்கு வந்து எத்தினை காலம். காலமை எழும்பி என்ன செய்யிறன்? உங்கடை ஒழுங்கையைப் பாக்கிறன். உன்ரை மகளும் இஞ்சை வந்து இதைத்தான் பாக்கப் போறாள். அவள் அங்கை நிண்டே பாக்கட்டன்."

கனகம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. ஆனால் தர்சினியின் அம்மா இலேசில் விழுகிற ஆளில்லை.

"சரி, இஞ்சையே இருக்கட்டும். அதுக்கு ஒழுங்கையிலை நிக்கிற இந்தக் காவாலிதானோ கிடைச்சவன்?"

"உவனோ காவாலி? உவனைப் பற்றி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. உன்ரை மகள் போன பிறகு, உவன் தனிய நிண்டு என்ன செய்யிறவன் எண்டு சொல்லட்டே? ஒவ்வொரு நாளும் அந்த மதகடியிலை நிண்டு உவன் —"

கறண்ட் நின்றுவிட்டது.

அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. "என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டவள் தர்சினிதான், அதுவும் சந்தேகக் குரலில். நான் யோசித்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சிகரெட்டாக இருக்கும் என்றார் ஒருவர். இன்னொரு பெட்டை வாறவளோ தெரியாது என்றார் மற்றவர். மாங்காய்தான் என்று அடித்துச் சொன்னார் வைரவரிடம் அகப்பட்ட மனுசன். தர்சினியின் அம்மா மதகில் குந்திவிட்டா. "கறண்ட் வரட்டும். கேட்டிட்டுத்தான் போவன்."

எங்கோ மரக்கொப்பு முறிந்து வயரில் விழுந்துவிட்டதாம். கனகம் அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தா. எனக்கும் தந்தா, ஆனால் முகத்தைப் பார்க்காமல். இருண்டு வரும்போது தூரத்து வீடுகளில் வெளிச்சம் வந்தது. ஒழுங்கை முழுவதும் "ஆ!" என்று எழும்பியது. ஆனால் கமராவுக்கு உயிர் வர இன்னும் நேரம் எடுத்தது. அதன் சிவப்புப் பொட்டு பச்சையாக மாறும்வரை, திருவிழாவில் திரை விலகக் காத்திருக்கிறவர்கள் போல எல்லோரும் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிர்ர் என்றது. "நிக்கிறியளோ?"

"நிக்கிறம்!"

"எதிலை விட்டனான்?"

"உவன் தனிய நிண்டு!" என்று ஒழுங்கையே ஒரே குரலில் சொன்னது.

"ஓம். உவன் தனிய நிண்டு பாத்துக்கொண்டிருப்பான் தங்கச்சி. பிள்ளை சைக்கிளிலை போறாள். அவள் முடக்காலை திரும்பிறது எனக்குத் தெரியாது, கமரா அவ்வளவு தூரம் காட்டாது. உவன்ரை கழுத்துத்தான் எனக்குத் தெரியும். அவள் போகப்போகக் கழுத்து மெல்ல மெல்லத் திரும்பும். திரும்பி முடிஞ்சாலும் உவன் போகான். அவள் வீட்டுக் கேற் சாத்திற சத்தம் கேட்ட பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுப்பான். மாரி மழையிலையும் நிண்டவன். என்ரை கமராக் கண்ணாடியெல்லாம் தண்ணி, அதுக்குள்ளாலை உவன் நனைஞ்சுகொண்டு நிக்கிறான். அவள் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை, அவளுக்குத் தெரியாது. உவன் சொன்னதுமில்லை. எனக்கு உந்தக் காதல் கீதல் ஒண்டும் விளங்காது தங்கச்சி. ஆனா ஒரு மனுசன் ஒருத்தரும் பாக்காத நேரத்திலை செய்யிறதை நான் பாத்தனான். அதைத்தான் விசாரிச்சவைக்கும் சொன்னனான்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தர்சினி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு வாழைக்குலையைப் பார்க்கவில்லை. நிற்பது எனக்கே தெரியாமல் நடந்த காரியம். அதற்கு ஒரு சாட்சி இருந்திருக்கிறது.

அவளுடைய அம்மா எழும்பிச் சேலையைத் தட்டினா. என் கிட்ட வந்து நின்றா.

"மழையிலையும் நிண்டனீரோ?"

"ஓம்."

"குடை இல்லையோ உமக்கு?"

இல்லை என்றேன். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும். குடையும் வாங்கிக்கொண்டு வாரும்" என்றுவிட்டு, தூணைத் திரும்பிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ, தேத்தண்ணி ஆறியிருக்கும்" என்றா.

கலியாணத்தன்று கோயிலிலிருந்து வந்த கார் மாமரத்தடியில் நின்றது. பட்டும் வேட்டியுமாக இறங்கி, கேற்றுத் தூணுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டோம். படம் பிடிக்க வந்தவர் எந்தக் கடவுள் என்று தெரியாமல் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஒருமுறை கும்பிட்டார். வாய் ஓயாத தூண் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வழமைபோலச் சற்றுப் பிந்தி மூக்குச் சிந்துகிற சத்தம் மட்டும் வந்தது. அதற்குப் பின்னால் மாமியின் குரல்: "போனைத் தாங்கோ இஞ்சை, நனையுது. நானும் பாக்கவேணும்."

போன மாதம் ஒரு பின்னேரம் நானும் தர்சினியும் அவ்வழியால் வரும்போது கூப்பிட்டார். குரலில் ஒரு கூச்சம்.

"தம்பி, இண்டைக்கு ஒரு வேலை செய்தனான். மாமி இப்பதான் வேலைக்குப் போனவள். சன்னலடியிலை நிண்டு பாத்தனான். பனிக்குள்ளாலை நடந்து போய், பஸ்ஸிலை ஏறுமட்டும்."

"அவ திரும்பிப் பாத்தவவோ மாமா?" என்று தர்சினி ஆவலாகக் கேட்டாள்.

"பாத்தவள். அடுப்பை அணைச்சனீங்களோ எண்டு கையாலை கேட்டவள்."

நாங்கள் சிரித்து முடியும்வரை இருந்துவிட்டு, "நாளைக்கும் நிண்டு பாக்கப் போறன்" என்றார்.

கறண்ட் இல்லாத நாட்களில் தூணில் அந்தப் பொட்டு எரியாது. எங்களை அவர் காணமாட்டார், நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது. அது தெரிந்தும் தர்சினி அந்த இடத்தில் சைக்கிளை நிற்பாட்டி, "போட்டு வாறம் மாமா" என்று சொல்லாமல் தாண்டுவதில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை நானும் நிற்கிறேன்.